மணக்காத மிளகாய்

செத்தல் மிளகாய் மணக்கவில்லை.

பல்கனியில் ஒரு பழைய சட்டிக்குள் சிரட்டை நெருப்பு கனன்றுகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. கடற்கரைப் பக்கம் ரயில் போகிற சத்தம் கேட்டது. என் மனைவி பரமேசு என்னைக் கிழக்குப் பார்க்கக் கதிரையில் இருத்தினாள். கை நிறையக் காய்ந்த செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து என் தலையைச் சுற்றினாள். "துப்புங்கோ" என்றாள். துப்பினேன். எல்லாவற்றையும் நெருப்பில் போட்டாள்.

மிளகாய் படபடவென்று வெடித்தது. புகை எழும்பி என் முகத்துக்கு நேரே வந்தது. மூக்கை விரித்து ஒரு இழுவை இழுத்தேன்.

ஒன்றுமே இல்லை. வெறும் சூடு.

கண்ணூறு, நாவூறு பட்ட ஆளுக்குச் சுற்றிப் போட்ட மிளகாய் மணக்காது. படாத ஆளென்றால் காரல் அடித்து வீடே இருமும். எங்கள் வீடுகளில் இதற்கு மேல் ஒரு சோதனை கிடையாது. நான் கதிரையை விட்டுத் துள்ளி எழும்பினேன்.

"பாத்தியே பரமேசு! ஒரு சொட்டு மணம் இல்லை! எவ்வளவு பெரிய நாவூறு எண்டு பார்!"

பரமேசு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். கண்ணால் நீர் வடிந்தது. அவள் ஊதுபத்தி கொளுத்தினாலே இருமுகிற ஆள். என் மேல் இத்தனை பேர் கண் வைத்திருக்கிறார்கள் என்று மனம் நொந்து அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், பயந்துதான் போனேன். ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது. சும்மா கிடக்கிறவன் மேல் யார் கண் வைக்கப் போகிறார்கள்?

கறுத்துப்போன எண்ணெய்

நாவூறு கழிக்கிற அளவுக்கு என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும்.

என் மிளகாய் எண்ணெயைப் பற்றி இந்தச் சமையல் தொடரில் ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொழும்புக் கொட்டாஞ்சேனையில் நான் பிரைட் ரைஸ் கடை வைத்திருந்த காலத்தில், ஒவ்வொரு மேசையிலும் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் அந்த எண்ணெய் இருக்கும். மேலே சிவந்த எண்ணெய், கீழே மிளகாய். சனம் வந்தது சோற்றுக்கு அல்ல, கிண்ணத்துக்கு. வெறும் பாண் ரொட்டியோடு வந்து உட்கார்ந்து, ஒரு பிளேன்டீ மட்டும் வாங்கி, கிண்ணத்தை வழித்துவிட்டுப் போனவர்களும் உண்டு. நான் ஒருவரையும் எழுப்பி அனுப்பியதில்லை.

இப்போது கடை இல்லை. வெள்ளவத்தையில் இந்த பிளாட் இருக்கிறது. இதை வாங்கித் தந்தது அந்த எண்ணெய்தான். பக்கத்து வீடுகளில் டொக்டர் இருக்கிறார், எஞ்சினியர் இருக்கிறார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நானும் அதே லிஃப்டில்தான் ஏறி இறங்குகிறேன்.

மகள் நிரோஷா வேலைக்குப் போய்க்கொண்டே அந்த எண்ணெயைப் போத்தலில் அடைத்து விற்கத் தொடங்கியிருக்கிறாள். போத்தலில் என் முகம். தொப்பி போட்டு, மீசையை முறுக்கி, ஒரு பெரிய ஸ்டூடியோவில் எடுத்த படம். 'அப்பாவின் மிளகாய் எண்ணெய்' என்று பெயர். காலி வீதியில் ஒரு பெரிய கடைக்காரர், அடுத்த மாதம் முதல் தன் கடை அலுமாரித் தட்டில் வைப்பதாகச் சொல்லியிருந்தார். நானும் அவருக்குத் தலையை நிமிர்த்திச் சொல்லிவிட்டேன்: "உங்கட கடையிலை முதல் முடியிற சாமான் என்ரை போத்தலாத்தான் இருக்கும்."

இப்படி வாய் விட்ட பிறகுதான் சனி பிடித்தது. நாலைந்து நாள் காய்ச்சலும் சளித் தடிமனுமாகக் கிடந்தேன். எழும்பினதும் முதல் வேலையாக எண்ணெய் போட்டேன். நிரோஷா ஒரு துளி நாக்கில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"அப்பா, கருகல் மணம் வருது."

"உனக்கென்ன தெரியும்?"

"ஒருக்கா மோந்து பாருங்கோவன்."

மோந்து பார்த்தேன். ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, எண்ணெய் சிவப்பாக இல்லை. பழைய இரும்புத் துரு மாதிரிக் கறுத்திருந்தது. தாச்சிச் சட்டியைத் தொட்ட நாள் தொடங்கி என் கையில் எண்ணெய் கருகியதே கிடையாது.

மறுபடி போட்டேன். மறுபடியும் கறுத்தது.

அப்போதுதான் எனக்கு எதிர்வீட்டு சித்தீக் நானாவின் ஞாபகம் வந்தது.

மூக்கால் பாஸ் பண்ணின சோதனை

நானாவைப் பற்றிச் சொல்ல முதல் என் மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் எனக்கு எவ்வளவு பெரிய அதிர்ச்சி என்று உங்களுக்கு விளங்காது.

நான் மீசை முளைக்காத வயதில் ஒரு சீனரின் சாப்பாட்டுக் கடையில் தாச்சி கழுவப் போனவன். அந்தச் சீன முதலாளி பெரிய மனிதர், ஆனால் ஒரு மொழியும் முழுதாகப் பேசமாட்டார். கொஞ்சம் சிங்களம், கொஞ்சம் இங்கிலிஷ், மிச்சம் கரண்டியால் மண்டையில் தட்டுகிறது.

மிளகாய் எண்ணெய் போடுகிற வேலையை அவர் யாருக்கும் விட்டதில்லை. ஒரு நாள் சமையல்காரர் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, கண்ணைத் துணியால் கட்டினார். எண்ணெயைச் சூடாக்கி மிளகாயில் ஊற்றினார். "எப்போது சரி என்று தோன்றுகிறதோ அப்போது கையைத் தூக்கு" என்றார்.

ஆளுக்கு ஆள் தூக்கினார்கள். சிலர் பச்சை மணத்திலேயே தூக்கினார்கள். சிலர் இருமல் வந்த பிறகு தூக்கினார்கள். தாச்சி கழுவ வந்த நான் சும்மா ஓரத்தில் நின்றவன். கண்ணைக் கட்டாமலே கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கினேன். கண்ணைத் திறந்தபோது சீனரின் கையும் மேலே நின்றது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே என்னைத் தாச்சி கழுவுகிற இடத்திலிருந்து அடுப்படிக்கு மாற்றினார். மற்றவர்கள் பத்தாம் வகுப்பு சோதனையில் பாஸ் பண்ணினார்கள். நான் மூக்கால் பாஸ் பண்ணினேன்.

நிறத்தைப் பார்க்காதே என்பார் அவர். மிளகாய்க்கு மிளகாய் நிறம் மாறும், மின்விளக்குக்கு மின்விளக்கு மாறும். இருமலையும் நம்பாதே, அடுப்படியில் வருசக்கணக்காய் நின்றவன் தொண்டைக்கு மிளகாய் பழகிவிடும். எனக்கும் அப்படித்தான். ஊரே இருமி ஓடுகிற புகையில் நின்று பிளேன்டீ குடிப்பேன். எனக்கு இருந்ததெல்லாம் மூக்கு ஒன்றுதான்.

செய்கிற முறை

வாசகர்கள் பலர் கேட்டபடியால் இதையும் எழுதிவிடுகிறேன். ஒளித்து வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. சொன்னாலும் எல்லோருக்கும் என்னைப் போல் வராது.

நல்ல செத்தல் மிளகாயை வெயிலில் போட்டு, காம்பு கிள்ளி, விதையோடு ஒன்றிரண்டாய் இடித்துக்கொள்ளுங்கள். மா மாதிரி அரைத்தால் எண்ணெய் கலங்கிப் போகும். ஒரு காய்ந்த பாத்திரத்தில் மிளகாயைப் போட்டு, உப்பும் ஒரு சிட்டிகை சீனியும் சேருங்கள். ஈரம் ஒரு துளி இருக்கக் கூடாது.

தாச்சியில் எண்ணெய் விட்டு, தட்டின இஞ்சி, உள்ளிப்பூண்டு, ஒரு துண்டு கறுவாப்பட்டை, ஒரு அன்னாசிப்பூ போடுங்கள். அடுப்பைக் குறைத்து வையுங்கள். உள்ளி பொன்னிறமானதும் எல்லாவற்றையும் அரித்து எடுத்து எறிந்துவிடுங்கள். உள்ளியை எண்ணெயில் ஊறவிட்டு வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது கெட்டுப்போகும், செய்யாதீர்கள்.

பிறகு எண்ணெயைச் சற்று ஆறவிட்டு, ஒரு மிளகாய் விதையைப் போட்டுப் பாருங்கள். விதை துள்ளிக்கொண்டு மேலே வந்தால் சரி. கறுத்தால் இன்னும் ஆறவேண்டும். கரண்டி கரண்டியாக மிளகாயில் ஊற்றிக் கிளறிக்கொண்டே இருங்கள்.

இனித்தான் விசயம். முதலில் பச்சைக் காரல் மணம் வரும். அது போய், வறுத்த கச்சான் கடலை மாதிரி ஒரு மணம் வரும். அந்த மணம் திரும்புகிற நேரத்தில் எண்ணெய் ஊற்றுகிறதை நிறுத்தி, ஒரு மூடி வினாகிரி, போத்தலில் விற்கிற வினிகர்தான், விடவேண்டும். சீ என்று அடங்கும். ஒரு மூச்சு பிந்தினாலும் கருகல்.

முட்டை அப்பத்தின் மேல் ஒரு கரண்டி விட்டுப் பாருங்கள். இடியப்பத்துக்குச் சொதியும் இதுவும் போதும். புளி மாங்காயை வெட்டி இதில் தோய்த்தால் வீட்டில் சண்டை நடக்கும்.

நானாவின் கண்

சித்தீக் நானா புடவை வியாபாரம் செய்து ஓய்ந்த ஆள். என் வயதுதான். கொட்டாஞ்சேனைக் கடைக்கு ஆரம்ப நாளிலிருந்து வந்தவர். கோழி ஹலாலா, எங்கே வாங்குகிறேன் என்று விசாரித்துத் திருப்திப்பட்ட பிறகுதான் முதல் வாய் சாப்பிட்டார். அதன் பிறகு விட்டதே இல்லை. இரண்டு பேரும் வெள்ளவத்தையில் ஒரே மாடியில் எதிரெதிர் வீடு வாங்கினோம். இன்றைக்கும் என்னை "முதலாளி" என்றுதான் கூப்பிடுவார். அந்தச் சொல் காதில் விழுந்தால் எனக்கு ஒரு நேரச் சாப்பாடு சாப்பிட்ட மாதிரி.

எண்ணெய் கறுத்ததற்கு முதல் நாள் நிரோஷா அவருக்கு ஒரு போத்தல் கொடுத்திருந்தாள். அவர் போத்தலை உயர்த்திப் பிடித்து, என் படத்தைப் பார்த்து, கொரிடோரில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"மாஷா அல்லாஹ்! கொழும்பு முழுக்கத் தேடினாலும் இந்தக் கை கிடைக்காது முதலாளி. ஒங்கட கைக்கு வயசே போகல்ல!"

அடுத்த நாள் எண்ணெய் கறுத்தது. வேறென்ன நினைப்பேன்?

பரமேசு சொல்லித்தான் பார்த்தாள். "அந்த மனுசன் மாஷா அல்லாஹ் சொல்லித்தானே புகழ்ந்தவர்? கண் படக்கூடாது எண்டுதான் அவையள் அதைச் சொல்லுறது."

"வாய் சொல்லும். கண் வேறை."

ஞாயிற்றுக்கிழமை மிளகாய் மணக்காமல் போனதும் என் சந்தேகம் முற்றாகிவிட்டது. அதோடு இன்னொன்றும் கவனித்தேன். நானா அத்தர் பூசாமல் வெளியே இறங்கமாட்டார். லிஃப்ட் திறக்க முதலே அவர் வருகிறார் என்று எனக்குத் தெரியும். அந்த அத்தர் முன்னுக்கு வந்து கதவைத் தட்டும். இப்போது கொஞ்ச நாளாக அவர் பக்கத்தில் வந்து நின்றாலும் ஒரு மணமும் இல்லை. இத்தனை வருசப் பழக்கத்தை ஒரு மனுசன் ஏன் விடுகிறான்? மனதில் ஏதோ குற்றம் இருந்தால்தானே?

அவருக்கு முகம் கொடுக்காமல் விட்டேன். கொரிடோரில் கண்டால் டெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு போவேன். "முதலாளி, சுகமில்லையா?" என்று கேட்பார். தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்துவேன்.

எங்கள் குசினி ஜன்னல் கொரிடோரைப் பார்த்தபடி இருக்கிறது. போகிற வருகிறவர்களின் கண் நேரே அடுப்பில்தான் விழும். அதனால் அந்த ஜன்னலை இறுக்கிச் சாத்தித் தாள் ஒட்டினேன். அது போதாதென்று, வெள்ளிக்கிழமை காலை அடுப்பையே தூக்கி உள்மூலைக்கு மாற்றினேன். சிலிண்டரை நானே இழுத்தேன். இந்த வயதிலும் எனக்கு அந்தப் பலம் இருக்கிறது. டியூப் எட்டாமல் விறைத்துக்கொண்டு நின்றது. ஒரு இழுவை இழுத்தேன், எட்டியது.

"நிரோஷா வந்து பாக்கட்டும், பிறகு மூட்டுங்கோ" என்றாள் பரமேசு.

"காஸ் அடுப்பு பூட்ட எனக்குப் பிள்ளை வேணுமோ?" என்றேன்.

வெள்ளிக்கிழமை

கடைக்காரருக்குப் போத்தல் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நிரோஷா வேலைக்குப் போய்விட்டாள். பரமேசு கோயிலுக்குப் போனாள். வீட்டில் ஒரு கண்ணும் இல்லை. இதுதான் நேரம் என்று நினைத்தேன்.

சிலிண்டர் ரெகுலேட்டரைத் திருப்பிவிட்டேன். பல்கனிக் கதவையும் சாத்தினேன். தாச்சியை மூட்டாத அடுப்பில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உள்ளி உரிக்க உட்கார்ந்தேன். உள்ளி சின்னது, உரிக்க நேரம் எடுத்தது. தலை லேசாக வலித்தது. நாவூறு இன்னும் போகவில்லை என்று நினைத்தேன்.

உள்ளியைத் தட்டி முடித்து, எழும்பி லைட்டரைக் கையில் எடுத்தேன். கதவில் படார் படார் என்று இடி.

"முதலாளி! முதலாளி! கதவத் தொறங்க!"

நானா! தாச்சி ஏறுகிற நேரம் பார்த்து வந்து நிற்கிறாரே! எனக்கு உச்சந்தலை சூடேறியது. முன்கதவடிக்குப் போய் உள்ளே நின்றபடி சொன்னேன்: "வேலையா நிக்கிறன் நானா. பிறகு வாங்கோ."

"காஸ் மணக்குது முதலாளி! ஒங்கட குசினியில இருந்துதான் வருது!"

"இஞ்சை ஒரு மணமும் இல்லை."

"கொரிடோர் முழுக்க அடிக்குது, மனிசன்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தே விட்டேன். "நானா, கொழும்பிலையே பேர்போன மூக்கு இஞ்சை நிக்குது. எனக்கு வராத மணம் உங்களுக்கு எப்பிடி வரும்? போய்த் தொழுதிட்டு வாங்கோ."

பெருவிரல் லைட்டரின் மேல்தான் இருந்தது. இதை எழுதும்போதும் அந்த விரல் வியர்க்கிறது.

வெளியே கதவு இடிக்கிற சத்தம் நின்றது. போய்விட்டார் என்று நினைத்துத் திரும்பினேன். அப்போது கதவுக்குக் கீழ்ப்பக்கத்திலிருந்து குரல் வந்தது. மனுசன் தரையில் குந்தி, கதவின் இடைவெளியில் வாயை வைத்துக் கதைக்கிறார். உடைந்துபோன குரல்.

"முதலாளி, என்னோட என்ன கோபம் எண்டு எனக்குத் தெரியா. அப்புறமா ஏசுங்க. அடிங்க வேணுமெண்டாலும். கையில நெருப்பு இருந்தா மட்டும் கீழ வெச்சிடுங்க. நான் இங்கேயேதான் ஈக்கிறேன், போகமாட்டேன்."

அங்கங்கே வீடுகளில் காஸ் அடுப்பு வெடித்த பிறகு, கொழும்பில் காஸ் என்றால் இப்போது எல்லோருக்கும் பயம். காஸ் மணக்கிறது என்றால் பிள்ளை குட்டியைத் தூக்கிக்கொண்டு படியால் ஓடுகிற சனம் நாங்கள். இந்த மனுசன் மட்டும் முகத்தைக் கதவில் வைத்துக்கொண்டு கிடக்கிறார். பொய் சொல்லுகிற ஒருவன் எதற்கு இந்த வயதில் முழங்காலில் விழவேண்டும்?

லைட்டரைக் கீழே வைத்தேன். நம்பி அல்ல, அந்தக் குரலுக்காக.

வைத்ததும்தான் என் காது வேலை செய்தது. குசினி மூலையில் ஒரு மெல்லிய சத்தம், பாம்பு மூச்சு விடுகிற மாதிரி. கிட்டப் போனேன். டியூப் பூட்டுகிற இடத்தில் கிளிப் கழன்று தொங்கியது. நான் இழுத்த இழுவை. கையை நீட்டினேன். விரலில் குளிர்ந்த காற்று அடித்தது.

காற்று அடிக்கிறது, மணம் இல்லை. மூக்கை டியூபுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். அப்போதும் இல்லை.

எப்படியோ போய்க் கதவைத் திறந்தேன்.

நானா வெள்ளைத் தொப்பியோடு, ஜும்ஆத் தொழுகைக்குப் போக உடுத்த வெள்ளை உடுப்பின் முழங்கால் அழுக்கோடு உள்ளே பாய்ந்தார். "சுவிட்ச் ஒண்டும் தொட வாணாம்!" ரெகுலேட்டரைத் திருப்பினார். நான் ஒட்டின தாளைக் கிழித்தார். ஜன்னல், பல்கனிக் கதவு எல்லாவற்றையும் திறந்தார். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொரிடோரின் கடைசிக்கு வந்து நிறுத்தினார்.

"மெய்யாவே மணக்கல்லயா ஒங்களுக்கு?"

"என்ன மணம் நானா?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு தன் வலது மணிக்கட்டை என் மூக்குக்குக் கீழே பிடித்தார்.

"இது?"

"இண்டைக்கும் அத்தர் பூசேல்லையோ?"

"பூசித்தான் வந்தேன் முதலாளி. டெய்லி பூசித்தான் வாறேன்."

கடல் காற்று அடித்தது. அதிலும் ஒன்றும் இல்லை. அப்போதுதான் கவனித்தேன். எத்தனையோ நாளாகக் கடலும் எனக்கு மணக்கவில்லை. பாண் மணக்கவில்லை. கோப்பி மணக்கவில்லை. எல்லாவற்றையும் காய்ச்சல் வாய் என்றும் நாவூறு என்றும் தள்ளிவிட்டிருந்தேன்.

கீழே பள்ளிவாசலில் தொழுகை முடிந்து சனம் வெளியே வருகிற சத்தம் கேட்டது. நானாவும் கேட்டார். அன்றைய ஜும்ஆ அவருக்குத் தவறிவிட்டது. என் கையை மட்டும் விடவில்லை.

பரமேசு சொன்னது

பரமேசு திருநீறும் பூவுமாக வந்தாள். நடந்ததைக் கேட்டதும் அர்ச்சனைத் தட்டோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்டைக்கு நாவூறு கழிச்சபோது உனக்கு மணந்ததோ?" என்று கேட்டேன்.

"தொண்டை கிழிஞ்சுபோச்சு."

"ஏனடி அப்பவே சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது? நீங்கள் மணமில்லை எண்டு துள்ளினீங்கள். அவ்வளவு புகைக்குள்ளை நிண்டு மணமில்லை எண்டுறார், அப்ப இவருக்கு மூக்குச் செத்துப்போச்சு எண்டு எனக்கு விளங்கிச்சு. உங்களிட்டை வந்து உங்கட மூக்குப் போட்டுது எண்டு நான் சொல்லுறதோ? அதுக்கு நாவூறு எண்டே கிடக்கட்டும், தன்பாட்டிலை வந்திடும் எண்டு கோயில் கோயிலா நேத்தி வைச்சுக்கொண்டு திரிஞ்சன்."

அவள் அன்றைக்கு அழுததும் எனக்காகத்தான். ஆனால் நான் நினைத்த காரணத்துக்கு அல்ல.

டொக்டரிடம் போனோம். பஞ்சில் என்னென்னவோ தோய்த்து மூக்கில் பிடித்தார். காய்ச்சலோடு போயிருக்கிறது என்றார். சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது, வயதும் இருக்கிறது என்றார். "இப்போதைக்கு காஸ் பக்கம் தனியப் போகவேண்டாம், அங்கிள்" என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அலுமாரியில் அடுக்கியிருந்த போத்தல்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் மீசை முறுக்கின நான். பெரிய மூக்கு. அந்த மூக்கு இப்போது படத்தில் மட்டும்தான் இருக்கிறது.

"படத்தைக் கழட்டிவிடு பிள்ளை" என்றேன் நிரோஷாவிடம். "கடைக்காரருக்கும் இல்லை எண்டு சொல்லு. மணம் தெரியாத ஒருத்தன் என்னெண்டு எண்ணெய் போடுறது?"

அவள் கதவைத் திறந்து எதிர்வீட்டுக்குப் போனாள்.

நானாவின் மூக்கு

அடுத்த ஞாயிறு எங்கள் குசினியில் சித்தீக் நானா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அடுப்பு பழைய இடத்துக்கு வந்துவிட்டது. கொரிடோர் ஜன்னல் அகலத் திறந்திருந்தது. போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்கட்டும். எண்ணெய் மணம் பிடிக்க இடைஞ்சல் என்று அத்தர்கூடப் பூசாமல் வந்ததாக நானா சொன்னார். எனக்கு எப்படித் தெரியும்?

"நான் புடவைக்காரன் முதலாளி" என்றார். "எனக்குத் துணி மணம்தான் தெரியும்."

"சாப்பிட்ட ஆள்தானே. ஞாபகம் இருக்கும். இருங்கோ."

எண்ணெயை ஆறவிட்டு விதை போட்டுப் பார்த்தேன். கை ஒன்றையும் மறக்கவில்லை. கரண்டி கரண்டியாக ஊற்றினேன். நானா இருமினார். பரமேசு பல்கனிக்கு ஓடினாள். நான் மட்டும் ஒன்றும் இல்லாத காற்றில் நின்று கிளறிக்கொண்டிருந்தேன். கண்ணை மூடினேன். கையைத் தூக்க ஒரு மணமும் வரவில்லை.

"என்ன மாதிரி இருக்கு?" என்று கேட்டேன்.

"காரமா ஈக்கிது. பச்சையா."

இன்னும் ஊற்றினேன்.

"இப்ப?"

திரும்பிப் பார்த்தேன். நானாவின் கண் மூடியிருந்தது. இருமல் நின்றிருந்தது. கண்ணோரம் நீர், அது மிளகாயா என்னவோ எனக்குத் தெரியாது.

"இப்ப என்ன மணம் நானா? சொல்லுங்கோ!"

"கொட்டாஞ்சேனையில பஸ்ஸால எறங்கி, சந்தியில திரும்பினதும் அடிக்குமே" என்றார். "ஒங்கட கட மணம்."

வினாகிரியைக் கவிழ்த்தேன். சீ என்று அடங்கியது.